மாப்பிள்ளை கேட்ட ஐம்பது

மேட்டுக்கரைப்பட்டி,
வேடசந்தூர் வழி.
மாசி 19, செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை திரு. முகேஷ்குமார் அவர்கள் சமூகத்துக்கு, மாமனார் பொன்னுத்துரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், தங்கள் மாமியார் மணிமேகலையும், இரண்டு எருமைகளும் சுகம். பெங்களூரில் தாங்களும், சம்பந்தி அவர்களும், வயிற்றுப் பிள்ளையோடு தீபாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் குலசாமி கூடவே நிற்கட்டும்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று தாங்கள் சிரிக்கக்கூடும். போனில் சொல்லலாம் என்றால், "சுருக்கமாச் சொல்லுங்க மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்பீர்கள். நடந்ததில் சுருக்கமாகச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. மேலும், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் மேஸ்திரியாக இருந்தவன் நான். அங்கே ஒரு மிஷின் ஐந்து நிமிடம் நின்றால்கூட, ஏன் நின்றது, யார் பார்த்தது, எத்தனை மணிக்கு ஓடியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இங்கே ஒரு மாதமாக நின்று நின்று ஓடியிருக்கிறது. எழுதாமல் விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

தை மாதம் வளைகாப்புக்கு நாங்கள் பதினெட்டுப் பேர் வேன் பிடித்து, ஏழு தூக்குவாளியில் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு பெங்களூர் வந்தோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் இரண்டு வீட்டுக்கும் உள்ள வழக்கம். வளையல் போட்ட கையோடு பெண்ணை அழைத்து வந்துவிடலாம் என்று வேனின் முன்சீட்டில் மெத்தை விரித்து, இரண்டு தலையணையும் போட்டு வைத்திருந்தேன். சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, எல்லோரும் புளிச்சோற்றில் இருந்தபோது தாங்கள் மிக மரியாதையாக என் பக்கத்தில் வந்து, "மாமா, ஊர்ல நெட் எவ்வளவு வருது?" என்று கேட்டீர்கள். "அதெல்லாம் வரும் மாப்ள" என்றேன். "எவ்வளவு மாமா?" என்றீர்கள். பிள்ளை பிறக்கிற நாள் வரைக்கும் தீபா வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் வேலை பார்ப்பாள், லீவை முழுசாகப் பிள்ளை பிறந்த பிறகு எடுத்துக்கொள்வாள், அதற்குக் குறைந்தது ஐம்பது வேண்டும் என்று விளக்கினீர்கள். ஐம்பது என்றால் எதில் ஐம்பது என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் சபையில் கேட்டுவிட்டீர்கள். "ஒரே மாசம் மாப்ள. அம்பதக் கொண்டாந்து நிறுத்திடுறேன்" என்று நானும் சபையில் சொல்லிவிட்டேன். தீபா வளையல் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்பா சொன்னால் செய்துவிடுவார் என்கிற பார்வை அது என்று நான் எடுத்துக்கொண்டேன். மாசி முடிந்தால் பயணம் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆகவே மாசிக்குள் ஐம்பது வரவேண்டும், வராவிட்டால் என் மகளுக்குத் தலைப்பிரசவம் என் வீட்டில் இல்லை. திரும்பும்போது மெத்தை போட்ட முன்சீட்டில் ஏழு காலித் தூக்குவாளிகள் உட்கார்ந்து வந்தன. தங்கள் மாமியார் ஓசூரில் அழ ஆரம்பித்தவள் கரூர் தாண்டித்தான் நிறுத்தினாள்.

ஊருக்கு வந்து இறங்கிய அன்று சாயங்காலமே, 'மாப்பிள்ளை ஐம்பது கேட்டுப் பெண்ணை நிறுத்திவிட்டாராம்' என்று செய்தி பரவிவிட்டது. மறுநாள் நாலு பொம்பளைகள் வீட்டுக்கு வந்து மணிமேகலையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, கல்யாணத்துக்குப் போட்டது பத்தலையாமா? வயித்துப்புள்ளைக்காரிய வச்சுக்கிட்டு இன்னும் அம்பது பவுனா?" என்று ஆறுதல் சொன்னார்கள். நான் குறுக்கே போய், அது பவுன் இல்லை, நெட்டு என்று சொன்னேன். அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மருமகனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறானே என்று நினைத்திருப்பார்கள் போலும். இப்போதும் ஊரில் பாதிப்பேருக்குத் தாங்கள் பவுன் கேட்டவர்தான். தாங்கள் வரும்போது யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால் தப்பாக நினைக்க வேண்டாம்.

இனி வேலை நடந்த விவரம். நம் வீட்டில் பின்வாசலில் நின்றால் போன் பேச மட்டும் வரும், படம் வராது. படம் வரவேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் எட்டாவது படிக்கு ஏறவேண்டும். எட்டு மாத வயிற்றோடு ஏணியில் நின்று ஆபீஸ் வேலை பார்ப்பதைத் தங்கள் கம்பெனி ஏற்றுக்கொள்ளாது என்று நானே முடிவு செய்து, திண்டுக்கல் போய்ச் சிம் போடுகிற டப்பா ஒன்று வாங்கி வந்தேன். கடைக்காரர் உயரத்தில் வைக்கச் சொன்னார். மூங்கில் கழியில் கட்டி, மழைக்குப் பாலித்தீன் பை மாட்டி, மொட்டைமாடியில் நட்டேன். அதற்குக் கீழே உட்கார்ந்து, மில்லில் ஈரப்பதம் எழுதுகிற மாதிரி மணிக்கொரு தடவை ஸ்பீடு பார்த்து நோட்டில் எழுதினேன். ஏழு நாள் எழுதியதில் கண்டது என்னவென்றால், காலையில் அரை, மத்தியானம் முக்கால், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கால், ஊர் சாப்பிட்டுவிட்டுப் போனை எடுக்கிற நேரத்தில் ஒன்றுமே இல்லை. இப்படியே போனால் ஐம்பதைச் சேர்க்க எனக்கு இன்னொரு ஆயுள் வேண்டும். ஏழாம் நாள் குரங்கு வந்து பாலித்தீன் பையைத் தின்பண்டம் என்று நினைத்துப் பிரித்து, டப்பாவைப் புளியமரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. மரத்தின் உச்சியில் ஸ்பீடு நன்றாக இருந்திருக்கும், எழுத ஆள் இல்லை.

அடுத்து, ஊருக்கு நல்ல நெட் வேண்டுமென்று நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி ஒரு மனு எழுதி அனுப்பினேன். பத்தே நாளில் பதில் வந்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். மனுவின் நிலையை இணையத்தில் பார்த்துக்கொள்ளவும் என்று போட்டிருந்தது. ஏணியில் எட்டாவது படியில் ஏறி நின்று அரைமணி நேரம் பார்த்தேன். நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

அப்போதுதான் நியாஸ் வந்தார். திண்டுக்கல் பேகம்பூர்க்காரர், முப்பது வயது இருக்கும், எங்கள் பக்கத்துக் கேபிள் இணைப்பெல்லாம் அவர் பொறுப்பு. மெயின் ரோட்டில் பஸ் ஸ்டாப் வரைக்கும் ஃபைபர் வந்துவிட்டது, அங்கிருந்து உங்கள் வீடு அறுநூறு மீட்டர்தான், இழுத்துவிட்டால் நூறுகூட வரும் என்றார். கேபிளை ஒரு துண்டு வெட்டி, உரித்து உள்ளே காட்டினார். மாப்பிள்ளை, அது நூல். கண்ணாடியில் இழுத்த நூல். நாங்கள் மில்லில் நூற்கிற எண்பதாம் நம்பர் நூலைவிட மெல்லிசு. முப்பத்தொரு வருடம் நூலோடு குடும்பம் நடத்தியவனுக்கு, தங்கள் உலகமும் நூலில்தான் ஓடுகிறது என்று தெரிந்ததும் பாதிப் பயம் போய்விட்டது. மீதிப் பயம் வேறு இடத்தில் இருந்தது. பஸ் ஸ்டாப்புக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் இருப்பது நாச்சிமுத்துவின் தென்னந்தோப்பு.

நாச்சிமுத்து என் பெரியப்பா மகன். தீபாவுக்குப் பெரியப்பா முறை. பதினைந்து வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. தீபா பெரியவளானபோது போட்ட சடங்குப் பத்திரிகையில், 'அன்புடன் அழைக்கும்' என்பதற்குக் கீழே இருந்த இருபத்திரண்டு பெயர்களில் அவர் பெயர் விட்டுப்போய்விட்டது. அச்சகத்துக்காரன் விட்டான். ஆனால் எருமைக்குத் தவிடு வாங்குகிற வேடசந்தூர்க் கடைக்காரர் பெயர் அதில் இருந்தது. 'தவிட்டுக்காரன் பேரு இருக்கு, பெரியப்பன் பேரு இல்ல' என்று சொல்லிவிட்டுப் போனவர், தங்கள் கல்யாணத்துக்கும் வரவில்லை. தங்களுக்கு அவரைத் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

நான் போய்க் கேட்பதில்லை என்று இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் மணிமேகலை, வளைகாப்புக்குப் போன வேனின் முன்சீட்டு மெத்தையை எடுத்து என் கண்முன்னால் பரணில் போட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு நியாஸைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போனேன். நாச்சிமுத்து கிணற்றடியில் நின்றார். என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரி நியாஸைப் பார்த்தார்.

"ஏப்பா நியாசு, தோப்புக்குள்ள யாரு என்ன வேலையா வந்திருக்காகன்னு கேளு."

நான் நியாஸிடம், "பொண்ணு பிரசவத்துக்கு வரணும், அதுக்குக் கேபிளு இந்தத் தோப்பு வழியாத்தான் வரணும்னு அவுகட்ட சொல்லுப்பா" என்றேன்.

"எத்தன மரத்துல கட்டணுமாம்?"

"ஏழு மரம்னு சொல்லு."

"ஆணி அடிப்பாகளா, கயித்துல கட்டுவாகளான்னு கேளு."

நியாஸ் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் களைத்துப்போய், "அய்யா, ரெண்டு பேரும் தமிழ்தான பேசுறீங்க, எனக்கு எதுக்குய்யா இந்த வேல?" என்றார். அதற்குள் அவருக்குப் போன் வந்தது. சிக்னலைத் தேடிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். பிறகு நாச்சிமுத்து பக்கத்திலிருந்த தென்னைமரத்தைத் தட்டி, அந்த மரத்திடமே, "புள்ளைக்கு எத்தனாம் மாசமாம்?" என்று கேட்டார். நான் அதே மரத்திடம், "எட்டு நடக்குது. மாசி தாண்டுனா வரமுடியாது" என்று சொன்னேன். அவர் மரத்தையே பார்த்துக்கொண்டு, "புள்ளைக்குத்தான. கட்டிட்டுப் போகட்டும். ஆணி மட்டும் அடிக்கப்படாது. அப்பறம் பேரப்புள்ள காதுகுத்துப் பத்திரிகையில மொதப் பேரு எம் பேரா இருக்கணும்" என்றார். தங்களையும் சம்பந்தி வீட்டையும் கேட்காமல் மரத்திடம் நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாளே ஏழு மரத்தில் கயிறு கட்டிக் கேபிள் வந்துவிட்டது. நியாஸ் சுவரில் வெள்ளைப் பெட்டியை மாட்டினார், பச்சை விளக்கு எரிந்தது. அவருடைய போனில் பார்த்தால் தொண்ணூற்றிரண்டு. ஐம்பதுக்கு வாக்குக் கொடுத்த இடத்தில் தொண்ணூற்றிரண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை, அதை மறைக்கவில்லை. பெட்டிக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தையும் முன்னால் வைத்தோம். ஆனால் அன்று சாயங்காலம் பார்த்தால் மூன்று வருகிறது. மறுநாள் காலையில் இரண்டு. நியாஸ் வந்து பஸ் ஸ்டாப்பில் பார்த்தார், ஏழு மரத்திலும் ஏறிப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை என்று போனார். மூன்றாம் தடவை வந்தபோதுதான் வீட்டுக்குள் வந்து, "ஆமா, பொட்டி எங்கய்யா?" என்று கேட்டார். சுவரில் ஒயர் மட்டும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் அது பீரோவுக்குள் போனது. தங்கள் மாமியார், மாப்பிள்ளை கேட்ட பொருள், களவு போய்விட்டால் யார் பதில் சொல்வது என்று பெட்டியை இரும்புப் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். நியாஸ் ஒரு செம்பு தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

பெட்டி சுவருக்குத் திரும்பியதும் தொண்ணூற்றிரண்டும் திரும்பியது. சோதித்துப் பார்க்கலாம் என்று தாங்களும் தீபாவும் சொன்னீர்கள். மாசி ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு வீடியோவில் பேச ஆரம்பித்து, இரண்டு மணி நேரம் அறுந்துபோகாமல் இருந்தால் போதும் என்று ஏற்பாடு. தாங்கள் திரையில் வந்தீர்கள், தீபா வந்தாள், அவள் கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது. படம் அவ்வளவு தெளிவாக வருகிறதே என்று நான் பெருமைப்பட்டேன். பத்து இருபதுக்கு எல்லோரும் அப்படியே நின்றுபோனீர்கள். தாங்கள் வாயைத் திறந்தபடி, தீபா கண்ணை மூடியபடி. பெட்டியில் சிவப்பு விளக்கு.

நியாஸுக்குப் போன் போட்டால் அவர் திண்டுக்கல்லில் இருந்தார். நானே கேபிளைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கு ஓடினேன். அன்று நாச்சிமுத்து தேங்காய் வெட்டு வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, எங்களுக்குள்தான் பேச்சு இல்லையே. நாலாவது மரத்தில் ஒரு குலை நேராகக் கேபிளின் மேல் இறங்கி இரண்டாக அறுத்திருந்தது. மாப்பிள்ளை, ஒரு மேஸ்திரி அறுந்த நூலைப் பார்த்தால் அவன் கை சும்மா இருக்காது. நூல் நூற்கிற ரிங் ஃபிரேமில் அறுந்த இழையை ஒட்டாமல் ஒரு நிமிடம் விட்டால் எங்களுக்கு உடம்பு பதறும். அங்கே பத்து இருபத்தெட்டு ஆகிவிட்டது. கறுப்புத் தோலைப் பல்லால் உரித்தேன். உள்ளே மயிர் மாதிரி இழை. நூலைக் கோனில் சுற்றுகிற வைண்டிங்கில் போடுகிற நெசவு முடிச்சு ஒன்று உண்டு, இழுக்க இழுக்க இறுகுமே ஒழிய அவிழாது, துணியில் தடவினால்கூடத் தெரியாது. அதைப் போட்டேன். இறுக்கியதும் ஒடிந்தது. இன்னொன்று போட்டேன், ஒடிந்தது. ஒரு கண்ணாடிச் சிம்பு ஆள்காட்டி விரலில் ஏறியது, ஒரு சிம்பு நாக்கில். நாலாவது தடவை இறுக்காமல் பதமாக முடிந்து, மேலே டேப் சுற்றிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். சிவப்பு விளக்குதான் எரிந்தது. சரி, ஒளி மெதுவாக வருகிறது போல என்று அரைமணி நேரம் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் நியாஸ் வந்து டேப்பைப் பிரித்தார். "அய்யா, இது என்னங்கய்யா?"

"நெசவு முடிச்சு."

அவர் சிரிக்கவில்லை. மரியாதை தெரிந்தவர். ஆனால் அதைப் போட்டோ எடுத்துத் தன் தொழில்காரர்கள் குழுவில் போட்டுவிட்டார். மறுநாள் ஒட்டன்சத்திரத்திலிருந்து இரண்டு கேபிள்காரர்கள் முடிச்சை நேரில் பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு மணிமேகலை காபி கொடுத்தாள். சிரித்தது நாச்சிமுத்துதான். மரத்தடியில் நின்று குனிந்து பார்த்தவர், நியாஸையும் பார்க்காமல் மரத்தையும் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்து, "ஏலே துரை, பாவாட நாடாவாடா அது, முடிச்சுப் போட்டுட்டு வந்திருக்க?" என்றார். பதினைந்து வருடத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. "வேறென்னண்ணே செய்யச் சொல்ற, பாப்பா திரையில அப்படியே நின்னுபோச்சு" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தொரட்டியை எடுத்துக்கொண்டு போய், ஏழு மரத்திலும் காய்ந்த மட்டை, பாளை எல்லாவற்றையும் அன்றே இழுத்துப்போட்டார்.

நியாஸ் ஒரு சின்ன மிஷினைக் கொண்டுவந்து இரண்டு முனையையும் வைத்து ஒட்டினார். பத்து நிமிட வேலை. அதன்பின் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது, ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நாச்சிமுத்து அண்ணன் தினமும் காலையில் வந்து, "பச்ச எரியுதா?" என்று கேட்டு, எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போகிறார். பிறகு சாயங்காலம் வந்து, யாரோ எங்கோ கிணறு வெட்டுகிற வீடியோவை இரண்டு மணி நேரம் பார்க்கிறார். சோபா அவருடையதாகிவிட்டது.

ஆகவே மாப்பிள்ளை அவர்கள் கேட்ட ஐம்பதுக்கு, ஸ்பீடு தொண்ணூற்றிரண்டு, மின்சாரம் போனாலும் நிற்காமலிருக்க இன்வெர்ட்டர், தீபாவுக்கு நாற்காலி, மேஜை, காலுக்கு ஒரு முக்காலி, எல்லாம் தயார். பரணில் போட்ட மெத்தையை மணிமேகலை இறக்கி வெயிலில் காயவைத்துவிட்டாள். மாசி முடிய இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது. தயவுசெய்து பெண்ணை அனுப்பி வைக்கவும். அவள் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், இடைவிடாமல், ஒரு தடங்கலும் இல்லாமல் வேலை பார்க்கலாம் என்று நான் உறுதி கூறுகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். பேரனோ பேத்தியோ, நல்லபடியாக வந்து நம் எல்லோர் மடியிலும் தவழட்டும். தாங்கள் நூறு வருடம் நோய் நொடியில்லாமல் தீபாவோடு வாழ ஆசீர்வதிக்கும்,

தங்கள் அன்பு மாமனார்,
வீ. பொன்னுத்துரை,
மேஸ்திரி (ஓய்வு).

பி.கு.: மாசி 26. மேலே கண்டதில் சில திருத்தங்கள்.

ஸ்பீடு நோட்டைப் பிரதி எடுத்து இத்துடன் இணைக்கலாம் என்று நான் ஐந்து நாள் தாமதித்ததில், ஞாயிற்றுக்கிழமை தாங்களே தீபாவைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு அறையிலும் போனைப் பிடித்துப் பார்த்து, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றொன்று, அடுப்படியில் தொண்ணூற்று மூன்று என்று சொல்லி, "கலக்கிட்டீங்க மாமா" என்று என் கையைக் குலுக்கிவிட்டு, மறுநாள் வேலை என்று மத்தியானமே கிளம்பிவிட்டீர்கள். எனக்கு அன்று மில்லில் மெடல் வாங்கிய சந்தோஷம். தங்கள் கார் பஸ் ஸ்டாப்பைத் தாண்டியிருக்கும். தீபா பெட்டிக்கு முன்னால் போய் நின்று செத்த நேரம் பச்சை விளக்கைப் பார்த்தாள்.

"அப்பா, இத எப்படிப்பா அணைக்கிறது?"

"அணைக்கவே வேண்டாம்மா. கரண்டு போனாலும் எரியும். இன்வெர்ட்டர் போட்டிருக்கேன்."

"அதான்ப்பா கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கால் இரண்டும் வீங்கி, கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது. "நெட்டு இல்லாத ஊருன்னுதான்ப்பா நான் இங்க வரணும்னு நெனச்சேன். நெட்டு இல்லன்னா ஆபீஸ்ல லீவு குடுத்துத்தான ஆகணும். நாலு மாசமா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வேல. நீங்க சபையில அம்பது கொண்டாரேன்னு சொன்னப்பவே எனக்கு லீவு இல்லன்னு ஆயிருச்சு."

ஒரு மாதமாக அவளோடு தினமும் போனில் பேசியிருக்கிறேன் மாப்பிள்ளை. தினமும் நான் கேட்டது ஸ்பீடு எவ்வளவு என்றுதான். தூங்கினாயா என்று ஒருநாள் கேட்கவில்லை. தங்களைக் குறை சொல்லவில்லை, தாங்களும் ஐம்பதைத்தான் கேட்டீர்கள், நானும் ஐம்பதைத்தான் தேடினேன். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பச்சை எரிகிறதா என்று பார்க்க வந்த நாச்சிமுத்து அண்ணன் இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். அரைமணி நேரத்தில் பெட்டியில் சிவப்பு விளக்கு வந்துவிட்டது. நான் தோப்புக்குப் போனேன். நாலாவது மரத்தடியில் பச்சை மட்டை ஒன்று கிடந்தது, கேபிள் அறுந்து தொங்கியது, அண்ணன் தொரட்டியோடு நின்றார்.

"மட்டை விழுந்துருச்சு தம்பி."

"காத்தே இல்லையேண்ணே."

"அது மரத்துக்குத் தெரியுமா?"

நியாஸுக்குச் சொல்லி அவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நானே பழுது பார்த்துவிட்டேன். நெசவு முடிச்சு. அவசரம் இல்லாததால் இந்தத் தடவை ஒரே முயற்சியில் விழுந்துவிட்டது, ஒடியவே இல்லை. சாயங்காலம் நியாஸே போன் செய்து, லைன் நின்றிருக்கிறதே, வந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். நான் ஒட்டிவிட்டேன் என்று சொன்னேன். "அப்ப நான் எப்பய்யா வரட்டும்?" என்றார் அவர். பிள்ளைக்குப் பெயர் வைத்த பிறகு வரச் சொல்லியிருக்கிறேன்.

நேற்றுக் காலை தீபா பின்வாசலில் நின்று ஆபீசுக்குப் பேசி, ஊரில் நெட் இல்லை என்று சொல்லி லீவு போட்டுவிட்டாள். அங்கிருந்து யாராவது தங்களைக் கேட்டால், மாமனாரே முன்னின்று பழுது பார்த்திருக்கிறார் என்று சொல்லவும். அதில் பொய் ஒன்றும் இல்லை. மேலே தொண்ணூற்றிரண்டு என்று எழுதியுள்ள இடங்களிலெல்லாம் பூஜ்யம் என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். ஸ்பீடு நோட்டை இணைக்கவில்லை.

இதை முடிக்குமுன் தங்களிடம் போனில் பேசச் சொல்லித் தீபாவைக் கூப்பிடத்தான் போனேன். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மெத்தையில் படுத்தவள், ராத்திரி ஒரு வாய் சாப்பிட எழுந்ததோடு சரி, இன்னும் தூங்குகிறாள். எழுப்பவில்லை.